லண்டன் கைவிரித்தபோது: 1864-இல் கனடாவின் முன் இருந்த ஆறு வழிகள்

1864-இல் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் பிரிட்டனுக்கு ஐந்து காலனிகள் இருந்தன. பெரியது ஐக்கிய கனடா மாகாணம். 1861 கணக்கெடுப்பின்படி அங்கே சுமார் 25 லட்சம் பேர். அதன் மேற்குப் பாதி இன்றைய ஒன்டாரியோ, கிழக்குப் பாதி இன்றைய கியூபெக். அட்லாண்டிக் கரையில் நோவா ஸ்கோஷியாவில் சுமார் 3.3 லட்சம் பேர், நியூ பிரன்சுவிக்கில் 2.5 லட்சம், பிரின்ஸ் எட்வர்ட் தீவில் 80 ஆயிரம். கடைசியாக, கடலில் தள்ளி நியூஃபவுண்ட்லாந்து. ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டமன்றம், தனிச் சுங்கவரி, தனித் தபால்தலை.

இவர்கள் முன்னால் ஆறு வழிகள் இருந்தன. இருந்தபடியே இருக்கலாம். அமெரிக்காவோடு சேரலாம். கடலோரக் காலனிகள் மூன்றும் மட்டும் ஒன்றாகலாம். எல்லோரும் ஒரே சட்டமன்றத்தின் கீழ் ஒற்றையாட்சியாக வாழலாம். கனடா மாகாணம் மட்டும் தனக்குள் இரண்டாகப் பிரிந்து கூட்டாட்சி அமைக்கலாம். அல்லது எல்லோரும் சேர்ந்து ஒரு பெரிய கூட்டாட்சியாகலாம். நடந்தது கடைசி வழி. கனடா தினமான ஜூலை 1 அன்று டொராண்டோவில் விடுமுறை அனுபவிக்கும் நம்மவர் பலருக்கும் அந்த முடிவு மட்டும் தெரியும். மற்ற ஐந்தும் ஏன் கழிந்தன என்பதில்தான் எனக்கு அக்கறை, ஏனென்றால் அவற்றைக் கழித்ததில் லண்டனின் மனமாற்றத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கூட்டாட்சி என்ற யோசனையை லண்டன் கண்டுபிடிக்கவில்லை. முதல் வழியின் விலையை அது ஏற்றிவிட்டது. அதற்குப் பிறகு எல்லோருடைய கணக்கும் மாறிப்போனது.

லண்டனில் மாறியது என்ன?

பழைய ஏற்பாடு எளிமையானது. காலனியின் கோதுமையும் மரமும் குறைந்த வரியில் பிரிட்டிஷ் சந்தைக்குள் போகும்; பதிலுக்கு காலனியின் வணிகம் பிரிட்டிஷ் கப்பல்களிலேயே நடக்க வேண்டும்; பாதுகாப்புச் செலவு பிரிட்டனுடையது. 1846-இல் தானிய இறக்குமதி வரிச் சட்டங்களை லண்டன் நீக்கியபோது இந்த ஏற்பாட்டின் முதல் கால் உடைந்தது. சலுகையை நம்பி மான்ட்ரியலில் மாவு ஆலைகளும் கிடங்குகளும் கட்டியவர்கள் திகைத்துப்போனார்கள். 1849-இல் கப்பல் போக்குவரத்துச் சட்டங்களும் நீங்கின. மரத்துக்கு எஞ்சியிருந்த வரிச் சலுகையும் 1860-இல் போனது.

வணிகக் கட்டு அவிழ்ந்ததும் அரசியல் கட்டையும் இறுக்கிப் பிடிக்க லண்டனுக்குக் காரணம் இல்லை. 1848-இல் முதலில் நோவா ஸ்கோஷியாவிலும் பிறகு கனடாவிலும், சட்டமன்றப் பெரும்பான்மைக்குப் பதில் சொல்லும் அமைச்சரவை முறை, அதாவது பொறுப்பாட்சி, நடைமுறைக்கு வந்தது. அதன் முழு அர்த்தம் 1859-இல் வெளிப்பட்டது. கனடாவின் நிதியமைச்சர் அலெக்சாண்டர் கால்ட், பிரிட்டிஷ் சரக்குகளுக்கே வரியை உயர்த்தினார். ஷெஃபீல்ட் உற்பத்தியாளர்கள் காலனி அமைச்சகத்திடம் முறையிட்டார்கள். தன் மக்களுக்கு எப்படி வரி போடுவது என்பதைத் தன் சட்டமன்றமே முடிவு செய்யும் என்று கால்ட் பதில் எழுதினார். லண்டன் அதை விழுங்கிக்கொண்டது.

அப்போது பிரிட்டனில் ஒரு கேள்வி பலமாக எழுந்தது: நம் பொருளுக்கே வரி போடுகிறவர்களுக்கு நாம் ஏன் படை வைத்துக் காவல் காக்க வேண்டும்? காப்டன், பிரைட் போன்ற கட்டற்ற வணிக ஆதரவாளர்கள் நெடுநாளாகக் கேட்டுவந்த கேள்விதான் அது. ஆக்ஸ்ஃபோர்ட் பேராசிரியர் கோல்ட்வின் ஸ்மித், காலனிகளை விடுதலை செய்துவிடுங்கள் என்று 1862-63-இல் பத்திரிகையில் தொடர் கடிதங்கள் எழுதினார். எதிர்முகாமிலும் இதே சலிப்பு இருந்தது. பிற்காலத்தில் பேரரசின் பெரிய பக்தராக அறியப்பட்ட டிஸ்ரேலி, 1852-இல் நிதியமைச்சராக இருந்தபோது, இந்தக் காலனிகள் நம் கழுத்தில் தொங்கும் எந்திரக்கல் என்று தனிக் கடிதத்தில் எழுதினார். 1866-இலும், நாம் ஆளாத இந்தச் சுமைகளால் என்ன பயன் என்று கேட்டார். ஆசியாவில் செலுத்தும் செல்வாக்குதான் பிரிட்டனுக்கு முக்கியம் என்பது அவர் எண்ணம். 1857-க்குப் பிறகு பிரிட்டிஷ் படையில் கணிசமான பகுதி இந்தியாவில் இருக்க வேண்டியிருந்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சென்னையிலும் கல்கத்தாவிலும் பிடியை இறுக்கிய அதே ஆண்டுகளில், கியூபெக்கில் பிடியைத் தளர்த்த லண்டன் வழி தேடியது.

சலிப்பைக் கொள்கையாக மாற்றியது போர்ப் பயம். 1861 நவம்பரில் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று, ‘டிரென்ட்’ என்ற பிரிட்டிஷ் தபால் கப்பலை மறித்து, அதிலிருந்த தென்மாநிலத் தூதர்கள் இருவரைப் பிடித்துப்போனது; அமெரிக்காவிலிருந்து பிரிந்த அந்தத் தென்மாநிலங்களோடு அப்போது உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. பிரிட்டன் அவசரமாகச் சுமார் 11,000 வீரர்களை வட அமெரிக்காவுக்கு அனுப்பியது. செயின்ட் லாரன்ஸ் ஆறு உறைந்துவிட்டிருந்தது. கடலிலிருந்து கனடாவுக்குப் போகப் பிரிட்டிஷ் மண்ணில் ரயில் கிடையாது. பல ஆயிரம் வீரர்கள் நியூ பிரன்சுவிக் காடுகளின் வழியே பனிச்சறுக்கு வண்டிகளில் போனார்கள். அடுத்த மே மாதம், 50,000 பேர் கொண்ட உள்ளூர்ப் படைக்கான மசோதாவைக் கனடா சட்டமன்றம் தோற்கடித்தது. லண்டன் பத்திரிகைகள் கொதித்தன. தன்னைக் காத்துக்கொள்ளத் தானே செலவு செய்ய மாட்டாத நாட்டுக்கு நாம் ஏன் அழ வேண்டும் என்பதே எங்கும் பேச்சு. அதே 1862-இல், தன்னாட்சி பெற்ற காலனிகள் உள்நாட்டு ஒழுங்கைத் தாங்களே பார்த்துக்கொண்டு வெளிப் பாதுகாப்பிலும் பங்கெடுக்க வேண்டும் என்று நாடாளுமன்றக் கீழவை தீர்மானித்தது.

இதோடு நிறுத்தினால் லண்டன் காலனிகளைக் கைகழுவ நினைத்தது என்று தோன்றும். அப்படியும் இல்லை. அமெரிக்கா மிரட்டி இவற்றைப் பிடுங்கிக்கொண்டால் அது தேசத்துக்கு அவமானம் என்று எல்லா அமைச்சரவைகளும் கருதின. லண்டன் முதலீட்டாளர்களின் பணம் கனடாவின் கிராண்ட் டிரங்க் ரயில்வேயில் முடங்கிக் கிடந்தது. பேரிங், கிளின் போன்ற வங்கிகளுக்கு நிலையான, கடன் தீர்க்கும் வலுவுள்ள ஓர் அரசு அங்கே தேவைப்பட்டது. சுருக்கமாகச் சொன்னால், செலவு வேண்டாம், ஆனால் இழப்பும் வேண்டாம். இந்த இரண்டு ஆசைகளும் சந்திக்கும் இடம்தான் காலனிகளின் ஒன்றிணைப்பு.

இருந்தபடியே இருப்பது

நோவா ஸ்கோஷியாவுக்கு இது நல்ல வழியாகவே இருந்தது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கனடாவின் கதை எழுதப்படும்போது இந்தக் காலனி பெரும்பாலும் முரண்டு பிடித்த குழந்தையாகவே வருகிறது. அதன் கப்பல்கள் உலகமெங்கும் சரக்கு ஏற்றின. அதன் மீனுக்கும் நிலக்கரிக்கும் வெளிச்சந்தை இருந்தது. சுங்கவரி கனடாவில் இருந்ததைவிட மிகவும் குறைவு. ஹாலிஃபாக்ஸ் பிரிட்டிஷ் கடற்படையின் தளம். லண்டன் எதைக் கைவிட்டாலும் அதைக் கைவிடாது. பொறுப்பாட்சியை முதலில் வென்ற பெருமையும் அந்த மக்களுக்கு இருந்தது. தூரத்தில் இருக்கும் கனடாவின் கடனையும் சண்டையையும் தங்கள் தலையில் ஏற்றிக்கொள்ள அவர்களுக்கு என்ன அவசியம்?

கனடா மாகாணத்தின் நிலைமை நேர்மாறு. அங்கே இருந்தபடியே இருக்க முடியாது. 1841-இல் இரண்டு பாதிகளையும் ஒட்டவைத்தபோது சட்டமன்றத்தில் இரண்டுக்கும் சம இடம் கொடுத்தார்கள். அப்போது கிழக்கில்தான் மக்கள்தொகை அதிகம். 1861-இல் மேற்கில் சுமார் 14 லட்சம், கிழக்கில் 11 லட்சம். மக்கள்தொகைக்கேற்ப இடம் வேண்டும் என்று மேற்கின் சீர்திருத்தக் கட்சித் தலைவர் ஜார்ஜ் பிரவுன் கேட்டார். அதைக் கொடுத்தால் தங்கள் மொழியும் மதமும் சட்டமும் ஆங்கிலப் பெரும்பான்மையின் கையில் சிக்கும் என்று பிரெஞ்சுக் கனடியர் அஞ்சினார்கள். அந்த அச்சம் நியாயமானது. விளைவு, அமைச்சரவைகள் அடுத்தடுத்துக் கவிழ்ந்தன.

இதற்குமேல் பாதுகாப்பு. 1864-இல் கனடாவின் அரண்களை ஆராய வந்த பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் ஜெர்வாயின் முடிவு கடுமையானது: ஒன்டாரியோ ஏரியில் கடற்படைக் கட்டுப்பாடு இல்லாமல் மேற்குக் கனடாவைக் காக்க முடியாது, கியூபெக், மான்ட்ரியல் நகரங்களைப் பலப்படுத்தித் தாக்குப்பிடிக்கலாம். 1865-இல் இதெல்லாம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் வெளிப்படையாகவே பேசப்பட்டது. டொராண்டோவில் காலைப் பத்திரிகையைத் திறந்த ஒருவர், தன் ஊரைக் காக்க முடியாது என்று தன் பேரரசே சொல்வதைப் படித்திருப்பார். எல்லைக்கு அப்பால் பத்து லட்சம் வீரர்களைத் திரட்டியிருந்த ஒரு நாடு. 1854-இலிருந்து நடந்துவந்த பரஸ்பர வணிக ஒப்பந்தத்தை அந்த நாடு புதுப்பிக்க மறுத்தது. 1866 மார்ச்சில் ஒப்பந்தம் காலாவதியானது.

ஆக, இந்த முதல் வழிக்கு ஒரே பதில் கிடையாது. தீவுகளுக்குச் சாத்தியம், நோவா ஸ்கோஷியாவுக்கு ஓரளவு வசதி, கனடாவுக்கு மூச்சுமுட்டல். லண்டனின் மாற்றம் ஒவ்வொருவரையும் ஒவ்வொரு அளவில் பாதித்தது. அதனால்தான் பின்னால் அத்தனை தகராறு.

அமெரிக்காவோடு சேர்வது

இதைத் துரோகிகளின் யோசனை என்று ஒதுக்கிவிட முடியாது. 1849-இல் சலுகைகளை இழந்த மான்ட்ரியல் வணிகர்கள், பெரும்பாலும் ஆங்கிலேயர், அமெரிக்காவோடு இணைவோம் என்ற அறிக்கையில் நூற்றுக்கணக்கில் கையெழுத்திட்டார்கள். அதுவரை அரசியின் விசுவாசிகள் என்று மார்தட்டியவர்கள் அவர்கள். 1854 ஒப்பந்தம் அமெரிக்கச் சந்தையைத் திறந்துவிட்டதும் அந்தக் குரல் அடங்கியது. பிரெஞ்சுக் கனடியருக்கு அந்தக் கடலில் கரைந்துபோவோம் என்ற பயம். ஆங்கிலக் கனடியருக்கு உள்நாட்டுப் போரைப் பார்த்த மிரட்சி. 1866 ஜூலையில் காலனிகளை இணைத்துக்கொள்ளும் மசோதா ஒன்று அமெரிக்கக் காங்கிரஸிலேயே வந்தது. நிறைவேறவில்லை, ஆனாலும் அச்சத்தை வளர்த்தது. பொருளாதாரக் கணக்கில் பலமான வழி. மனத்தளவில் ஏற்க ஆளில்லாத வழி.

கடலோர ஒன்றியமும் சிறிய கூட்டாட்சியும்

லண்டனுக்கு முதலில் பிடித்திருந்தது கடலோர ஒன்றியம்தான். மூன்று சிறிய சட்டமன்றங்களுக்குப் பதில் ஒன்று, மூன்று ஆளுநர்களுக்குப் பதில் ஒருவர். நியூ பிரன்சுவிக்கின் துணை ஆளுநர் ஆர்தர் கார்டன் இதற்காக ஓடியாடி உழைத்தார். 1864 செப்டம்பரில் சார்லட்டவுன் மாநாடு கூட்டப்பட்டதே இதைப் பேசத்தான். கனடாவின் அமைச்சர்கள் அழைப்புக் கேட்டு வாங்கிக்கொண்டு கப்பலில் வந்து இறங்கி, பேச்சையே பெரிய ஒன்றிணைப்பின் பக்கம் திருப்பிவிட்டார்கள். கடலோர மக்களிடமும் இதற்கு உற்சாகம் இருக்கவில்லை. தலைநகர் எது என்ற கேள்வியிலேயே மூவரும் முறைத்துக்கொள்வார்கள். அதைவிட முக்கியம், லண்டனின் பெரிய கவலையான கனடாவின் பாதுகாப்பை இந்த வழி தொடவே இல்லை.

கனடா மட்டும் கூட்டாட்சியாவது என்பது கிழக்குக் கனடாவின் அரசியல் தலைவர் டோரியோன் விரும்பிய வழி. 1864 ஜூனில் பிரவுன், மேற்கின் பழமைவாதத் தலைவர் மெக்டொனால்ட், பிரெஞ்சுக் கனடியரின் தலைவர் கார்ட்டியே மூவரும் பழைய பகையை மறந்து கூட்டணி அமைத்தபோதுகூட, பெரியது கைகூடாவிட்டால் இந்தச் சிறியதைச் செய்வோம் என்று உடன்பட்டிருந்தார்கள். கிழக்கு-மேற்குச் சண்டையை இது தீர்த்திருக்கும். கடலோர மக்களை வற்புறுத்த வேண்டிய அவசியமும் வந்திருக்காது. நேர்மையான யோசனை என்றே நினைக்கிறேன். ஆனால் குளிர்காலத் துறைமுகம் இல்லை, கடலுக்கு ரயில் இல்லை. முன்பிருந்த அதே 25 லட்சம் பேர் மட்டும்.

ஒற்றையாட்சி

ஜான் மெக்டொனால்டின் மனம் இதில்தான் இருந்தது. அமெரிக்காவில் மாநிலங்களுக்கு அதிக அதிகாரம் கொடுத்ததால்தான் ரத்தம் ஓடியது என்று அவரைப்போல் பலர் நம்பினார்கள். லண்டன் அதிகாரிகளுக்கும் இதுவே இயல்பாகப் பட்டது, அவர்கள் நாடே அப்படித்தானே இருந்தது. நிர்வாகச் செலவு குறையும், பொறுப்பு தெளிவாக இருக்கும்.

கார்ட்டியே இதற்குச் சம்மதிக்கவே முடியாது. ஒரே சட்டமன்றம் என்றால் பிரெஞ்சு மொழி, கத்தோலிக்கப் பள்ளி, பிரெஞ்சு உரிமையியல் சட்டம் மூன்றும் ஆங்கிலப் பெரும்பான்மையின் தயவில் நிற்கும். கடலோர மாகாணங்களும் தங்கள் சட்டமன்றத்தை விட்டுத்தரத் தயாரில்லை. இந்த மறுப்பை மதித்தது கனடாவுக்குக் கிடைத்த பெரிய நன்மை என்பது என் உறுதியான எண்ணம். சிறுபான்மை மொழி பேசும் மக்களை எண்ணிக்கை பலத்தால் ஒற்றையாட்சிக்குள் அடைத்தால் என்னவாகும் என்பதை இலங்கைத் தமிழருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பெரிய கூட்டாட்சி

1864 அக்டோபரில் கியூபெக் மாநாடு 72 தீர்மானங்களில் இதை வரைந்தது. பள்ளி, சொத்து, குடிமை உரிமைகள் மாகாணத்திடம். வணிகம், நாணயம், பாதுகாப்பு மத்தியில். பட்டியலில் இல்லாத எஞ்சிய அதிகாரங்களும் மத்திக்கே. மாகாணச் சட்டங்களை ரத்து செய்யும் அதிகாரமும் மத்திக்கு உண்டு. மெக்டொனால்டுக்கு முக்கால் ஒற்றையாட்சி கிடைத்தது, கார்ட்டியேவுக்கு ஒரு சட்டமன்றம் கிடைத்தது. (எஞ்சிய அதிகாரத்தை மத்தியிடம் வைக்கும் கனடிய முறையையே பிற்காலத்தில் இந்திய அரசியலமைப்பும் எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் மாநில சுயாட்சி பற்றிப் பேசுகிறவர்கள் இந்த வேரைத் தேடிப் படிக்கலாம்.)

லண்டனின் இரண்டு ஆசைகளும் இதில் நிறைவேறின. ஒரே அரசு இருந்தால் ஒரே படை, அதைத் தானே பராமரிக்கும் வரி வருமானம். பெரிய நாடு என்றால் கடன் வாங்கும் மதிப்பு உயரும். 1864 டிசம்பரிலேயே காலனி அமைச்சர் எட்வர்ட் கார்டுவெல் ஒப்புதல் தெரிவித்துவிட்டார்.

அதன் பிறகு நடந்தது வேறுவகை. 1865 மார்ச்சில் நியூ பிரன்சுவிக் மக்கள், ஒன்றிணைப்பை ஆதரித்த தங்கள் தலைவர் லெனர்ட் டில்லியின் அரசைத் தேர்தலில் வீழ்த்தினார்கள். லண்டன் அதை முடிவாக ஏற்கவில்லை. காலனிகளின் பாதுகாப்புச் செலவில் பங்கெடுக்கும் எங்களுக்கு வற்புறுத்தும் உரிமை உண்டு என்ற பொருளில் ஜூனில் கார்டுவெல் எழுதினார். ஒன்றிணைப்பை எதிர்த்த நோவா ஸ்கோஷியா ஆளுநர் ஹாங்காங்குக்கு மாற்றப்பட்டார். அவர் இடத்துக்கு அதே மண்ணில் பிறந்த தளபதி வில்லியம்ஸ் வந்தார். கடலோர ஒன்றியத்தை விரும்பிய கார்டனுக்கும் பெரியதை ஆதரிக்கும்படி கட்டளை. 1866 ஏப்ரலில் அவர் கொடுத்த நெருக்கடியில் எதிர்ப்பாளர் அரசு விலகியது. அதே மாதம் அயர்லாந்து விடுதலையைக் கோரும் ஃபீனியன்கள் அமெரிக்க எல்லையில் கூடி, நியூ பிரன்சுவிக்கின் காம்போபெல்லோ தீவைப் பிடிக்க முயன்றார்கள். பீதி பரவியது, கனடாவிலிருந்து தேர்தல் பணமும் வந்தது, டில்லி வென்றார்.

நோவா ஸ்கோஷியாவில் அந்தத் தேர்தல்கூட நடக்கவில்லை. அங்கே அரசுக்குத் தலைமை தாங்கிய சார்ல்ஸ் டப்பர் 1866 ஏப்ரலில் சட்டமன்றத்தில் 31-க்கு 19 என்று தீர்மானத்தை நிறைவேற்றிவிட்டு லண்டன் போனார். எதிர்ப்பாளர்களின் தலைவர் ஜோசப் ஹோவும் லண்டன் போய் மன்றாடினார். நிலத்தின் பழங்குடி மக்களை இந்தப் பேச்சுகள் எதிலும் யாரும் அழைக்கவே இல்லை. 1867 மார்ச் 29-இல் கூட்டாட்சியை அமைக்கும் சட்டம் அரசியின் ஒப்புதல் பெற்றது. பிரிட்டிஷ் கீழவையில் விவாதத்தின்போது பெரும்பாலான இருக்கைகள் காலி. காலனிகளால் சலித்துப்போன ஒரு நாடாளுமன்றம் ஒரு கண்டத்தின் எதிர்காலத்தைப் போகிற போக்கில் முடித்துக்கொடுத்தது. கனடாவை நோவா ஸ்கோஷியாவுடன் இணைக்கும் ரயிலுக்கு 30 லட்சம் பவுண்டு கடனுக்கு உத்தரவாதமும் தந்தது. 1871 நவம்பரில் கியூபெக்கிலிருந்து கடைசிப் பிரிட்டிஷ் படை கப்பலேறியது. ஹாலிஃபாக்ஸில் மட்டும் தங்கியது.

எந்த வழி சரி?

கனடா மாகாணத்தின் இடத்தில் நின்று பார்த்தால் பெரிய கூட்டாட்சிக்கு நிகரான வழி இல்லை. உள்சண்டை, கடல்வழி, கடன் மதிப்பு மூன்றுக்கும் அதில் பதில் இருந்தது. நியூ பிரன்சுவிக்குக்கு அது இழுபறி. நோவா ஸ்கோஷியாவுக்கு, பொறுத்திருந்து பேரம் பேசுவதே நல்லதாக இருந்திருக்கும். பிரின்ஸ் எட்வர்ட் தீவு அதைத்தான் செய்தது: 1867-இல் வெளியே நின்றது, ரயில்வேக் கடன் கழுத்தை நெரித்தபோது 1873-இல் அந்தக் கடனை மத்திய அரசு ஏற்கும் நிபந்தனையோடு உள்ளே வந்தது.

1867 செப்டம்பரில் முதன்முறையாக வாக்களிக்கும் வாய்ப்புக் கிடைத்தபோது நோவா ஸ்கோஷியா மக்கள் 19 மத்திய இடங்களில் 18-ஐயும், 38 மாகாண இடங்களில் 36-ஐயும் எதிர்ப்பாளர்களுக்கே கொடுத்தார்கள். இதைவிடத் தெளிவாக ஒரு மக்கள் பேச முடியாது. ஹோ மீண்டும் லண்டன் போனார். காலனிகளே வேண்டாம் என்று சொல்லிவந்த ஜான் பிரைட்தான் கீழவையில் அவருக்காக விசாரணை கேட்டார், தீர்மானம் தோற்றது. 1869 தேர்தலில் நியூஃபவுண்ட்லாந்து வேண்டாம் என்றபோது லண்டன் பெரிதாக வற்புறுத்தாமல் விட்டது, அது 1949 வரை தனியாகவே இருந்தது. நோவா ஸ்கோஷியாவுக்கு மட்டும் ஏன் கதவு மூடப்பட்டது? நிலப்படம் பதில் சொல்லும். நியூஃபவுண்ட்லாந்து இல்லாமல் ரயில் கடலைச் சேரும். ஹாலிஃபாக்ஸ் இல்லாமல் அந்தத் திட்டத்துக்கே பொருளில்லை. லண்டன் இறங்கிவராது என்று புரிந்துகொண்ட ஹோவுக்கு இரண்டு வழிகள் மிஞ்சின: அமெரிக்காவை நோக்கித் திரும்புவது, அல்லது மெக்டொனால்டோடு பேசுவது. அவர் பேசினார். 1869 ஜனவரியில், மாகாணக் கடனில் மத்திய அரசு ஏற்கும் தொகையை உயர்த்தி, 10 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 82,698 டாலர் கூடுதல் மானியமும் பெற்றுக்கொண்டு, எந்த அரசை எதிர்த்தாரோ அதே அரசின் அமைச்சரவையில் சேர்ந்தார்.